ஊசித்தடம் தெரியாத ஃபால்ஸ்

கேள்வி: பட்டுப்புடவைக்கு வீட்டிலேயே ஃபால்ஸ் தைக்கிறேன். வெளிப்பக்கம் தையல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, துணியும் சுருங்குகிறது. ஏன்?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

ஊசி புடவையில் அதிக இழைகளை அள்ளினால் புள்ளி தெரியும். ஃபால்ஸ் ஓரத்தின் மடிப்பிலிருந்து ஊசி வெளியே வந்ததும், அதற்கு நேர் எதிரே புடவையில் ஒரே இழையை, மிஞ்சினால் இரண்டை, குத்தி எடுக்க வேண்டும். பிறகு ஊசி மடிப்புக்குள் நுழைந்து, உள்ளேயே கால் அங்குலம் ஓடி, மறுபடி வெளிவரட்டும். நூலின் பெரும்பகுதி மடிப்புக்குள்ளேயே ஒளிந்துவிடும். முடிச்சுக்கும் அதுதான் இடம்.

9 அல்லது 10ஆம் எண் ஊசி பட்டுக்கு ஏற்றது. எண் கூடக்கூட ஊசி மெலியும். நூல் ஒற்றையாக இருக்கட்டும். அதே நிறம் கிடைக்காவிட்டால் சற்று அடர்ந்ததை எடுக்கலாம். வெளிர் நூல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஃபால்ஸின் மேல் ஓரம் கரையைத் தாண்டி உடலில் விழுந்தால், அந்த வரிசைக்கு உடல் நிறத்து நூல்தான் வேண்டும். பலர் கரை நிறத்து நூலிலேயே முழுவதையும் முடித்துவிடுகிறார்கள். நல்ல புடவைக்கு அது அநியாயம்!

இனி சுருக்கம். தைத்த உடனே சுருங்கினால், நூலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். நாலைந்து தையலுக்கு ஒருமுறை விரலால் நீவிவிடுங்கள். துவைத்த பின் சுருங்கினால், குற்றம் பருத்தி ஃபால்ஸுடையது. தைப்பதற்கு முன்பே அதைத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட வேண்டும்.

பட்டில் ஊசித்துளை எளிதில் மறையாது. பிரித்துத் தைப்பதைவிட, பழைய பட்டுத்துண்டு ஒன்றில் கை பழகிய பிறகு புடவையைத் தொடுங்கள்.