கைக்குள் ஒரு காவலன்

நுழையும்முன்
இயற்கைச் சீற்றத்தைத் தடுத்தல் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அதனால் விளையும் இழப்பைக் குறைத்தல் இயலக்கூடியதே. அப்பணியில் திறன்பேசி எவ்வாறு துணைநிற்கும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பெருமழை உணர்த்திய உண்மை
2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டது. சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது. கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. திறன்பேசி இருந்தும் உற்றாரின் நலமறிய இயலாமல் பலர் தவித்தனர். இணைப்புக் கிடைத்த இடங்களிலோ, உணவு, படகு, தங்குமிடம் பற்றிய செய்திகள் சமூக ஊடகங்களின் வழியே பரவி மீட்புக்கு உதவின. கருவியைப் பெற்றிருத்தல் வேறு. அதனை ஆயத்தமாக வைத்திருத்தல் வேறு.

வருமுன் காத்தல்
வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்பே இன்றியமையாத எண்களைத் திறன்பேசியில் பதிந்துகொள்ளுதல் வேண்டும். குடும்ப அட்டை, மருத்துவச் சீட்டு முதலியவற்றின் படங்களைச் சேமித்தல் நலம். குருதிவகையையும் உறவினர் எண்ணையும் பூட்டுத்திரையில் தோன்றுமாறு அமைத்தால், உரியவர் மயங்கிக் கிடந்தாலும் உதவுவோர் அவற்றை அறிவர். இடங்காட்டி வசதி செயற்கைக்கோள்களின் குறிகைகளைக் கொண்டு இயங்குவது. ஆகவே, வரைபடத்தை முன்னரே பதிவிறக்கி வைத்திருப்போர்க்கு இணையமின்றியும் வழி புலப்படும்.

இடர் சூழ்ந்தபோது
திரையின் ஒளியைக் குறைத்து, தேவையற்ற செயலிகளை நிறுத்தினால் மின்கலம் நெடுநேரம் நீடிக்கும். அழைப்புகள் மிகுந்து இணைப்புக் கிட்டாதபோது குறுஞ்செய்தி அனுப்புதல் சிறந்தது. பெறுபவரின் கைப்பேசி தொடர்பில் இல்லாவிடினும், அச்செய்தி காத்திருந்து பின்னர்ச் சென்றடையும். உறுதிப்படுத்தாத செய்தியைப் பகிர்தல் கூடாது. பொய்ச்செய்தி ஒன்று மீட்புப் படகைத் திசைதிருப்பி, உண்மையில் தவிப்போரைக் கைவிடச் செய்யும்.

கருவியின் எல்லை
மின்னேற்றம் தீர்ந்தபின் திறன்பேசியால் பயனில்லை. எனவே, முதன்மையான எண்களைத் தாளில் எழுதி, நீர்புகா உறையில் வைத்தல் வேண்டும். திறன்பேசி இல்லாத முதியோர்க்கு எச்சரிக்கையை நேரில் சென்று உரைப்பது அக்கருவியை உடையோரின் கடமையாகும்.

தெரியுமா?
அவசர உதவி – 112
மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை – 1070
மாவட்டக் கட்டுப்பாட்டு அறை – 1077

கற்பவை கற்றபின்
உங்கள் தெருவில் பேரிடரின்போது முதலில் உதவி தேவைப்படுவோர் யாவர்? அவர்களுக்குச் செய்தி சேர்க்கும் வழிமுறைகளை வகுப்பில் கலந்துரையாடுக.