வாரத்தில் ஒரு மணி நேரம்



"சென்ற வாரம் உங்களுக்கு மகிழ்ச்சி தந்தது எது?" என்று ஒருநாள் தையல் வகுப்பில் கேட்டேன். "பரீட்சை முடிந்ததும் சந்தோஷமாக இருப்போம், மிஸ்" என்றாள் ஒருத்தி. "கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போவோம்" என்றாள் இன்னொருத்தி. மகிழ்ச்சி எல்லாருக்கும் இனிமேல் வரப்போவதாகவே இருந்தது. வந்துவிட்டதாகச் சொல்ல ஒருத்தியும் இல்லை. அந்தப் பதில் என்னை வருத்தியது. ஏனெனில், உங்கள் வயதில் நானும் அதையே சொன்னவள்.

மகிழ்ச்சிக்கு வாரக்கணக்கு வைத்தவர் இறைவனே. ஆறு நாள் உழைப்பு, ஏழாம் நாள் ஓய்வு என்பது அவர் தந்த கட்டளை. அந்த ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று. பணிப்பெண்ணின் மகனும் அந்நியனும் மட்டுமல்ல, மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரம். ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரத்தை எளிய மகிழ்ச்சிக்கு ஒதுக்குவது சோம்பல் ஆகாது. அத்தகைய மூன்று மகிழ்ச்சிகளை இங்கே காண்போம். மூன்றுக்கும் பணம் அதிகம் வேண்டியதில்லை, நேரந்தான் வேண்டும்.

1. ஒட்டுப் போர்வை

கிழிந்த துணியைத் தூக்கி எறிய மனமில்லாத தாய்மார்கள் உலகெங்கும் கண்டுபிடித்த கலை இது. வங்காளத்துப் பெண்கள் நைந்த பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைப்பார்கள். அதற்குக் 'காந்தா' என்று பெயர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் இடத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அடிமைகளாக வாழ்ந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல்வேலைக்கு உடுத்திக் கிழிந்த உடைகளைக் கொண்டு அங்கே போர்வைகள் தைத்தார்கள். குளிருக்காகத் தைத்த அந்தப் போர்வைகள் 2002ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போல் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அரசு அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. அவ்வூர்ப் பெண் ஒருவர் 1942இல் கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவருடைய அன்பை நினைத்து அதைப் போர்த்திக்கொள்வதற்காகவே அப்படிச் செய்தாராம்.

செய்முறை எளிது. துவைத்து இஸ்திரி போட்ட பழைய பருத்தித் துணிகளை ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் ஒவ்வொரு துண்டும் ஆறு அங்குலமாக நிற்கும். வரிசைக்கு 6 துண்டு வீதம் 8 வரிசைகள், ஆக 48 துண்டுகளை இணைத்தால் மூன்று அடி அகலமும் நான்கு அடி நீளமும் உள்ள குழந்தைப் போர்வையின் மேற்புறம் கிடைக்கும். வாரம் நான்கு துண்டுகள் தைத்தால் 12 வாரங்களில் இது முடியும். பிறகு நடுவில் பழைய புடவையை மடித்து வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுங்கள். சாயம் போகும் துணியை மட்டும் சேர்க்காதீர்கள். ஒரு துண்டு மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இந்த 48 என்ற கணக்கு என் ஆச்சியினுடையது. சனிக்கிழமை மாலைதோறும் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தைப்பார்கள். கண் மங்கிவிட்டதால் ஊசியில் நூல் கோக்க நான் வேண்டும். "ஏ பிள்ளே, ஒரு நூலக் கோத்துக் குடுத்துட்டுப் போ" என்பார்கள். எனக்குப் பள்ளி இறுதித் தேர்வு ஆண்டு. "பரீட்சை முடியட்டும், ஆச்சி. முழுசா உக்காந்து தச்சுக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பரீட்சை முடிந்தது, நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அதற்குள் ஆச்சி போய்விட்டார்கள். தையல் பெட்டியில் 31 துண்டுகள் இணைந்த போர்வையும், நூல் இல்லாத ஊசியும் இருந்தன. ஐந்து நிமிட வேலையைத்தான் நான் மறுத்திருந்தேன்.

2. கும்மியும் கோலாட்டமும்

செங்கடலைக் கடந்ததும் மோசேயின் சகோதரி மிரியாம் கஞ்சிரா போன்ற ஒரு பறையைக் கையில் எடுத்தார். பெண்கள் அனைவரும் அவர் பின்னே ஆடிச் சென்றார்கள். தாவீது அரசரோ உடன்படிக்கைப் பேழையின் முன் ஆடினார். ஆகவே, நம் பெண்கள் வட்டமாகக் கூடி ஆடுவதும் மறைக்குப் புறம்பானதன்று.

கும்மிக்கு வாத்தியம் வேண்டாம், கைகளே தாளம். கோலாட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு கோல் போதும். இவற்றினும் நுட்பமானது பின்னல் கோலாட்டம். மேலே கட்டிய வண்ணக் கயிறுகளின் நுனியை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, பாதிப்பேர் வலமாகவும் பாதிப்பேர் இடமாகவும் உள்ளும் புறமும் வளைந்து ஆட, மேலே சடைபோல் பின்னல் விழும். பிறகு அதே அடிகளைப் பின்னோக்கி ஆடினால் பின்னல் முழுவதும் அவிழும். ஒருத்தி வழி தவறினாலும் சிக்கு விழும். சிக்கு விழுந்தால் யார்மேல் குற்றம் என்று தேடிப் பயனில்லை. எல்லாரும் நின்று, சேர்ந்து பின்னோக்கி வரவேண்டும். தோழியோடு பிணங்கியவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

உடலுக்கும் இது நல்லது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரை மருத்துவர்கள் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். உடலை அசைத்துச் செய்யும் பொழுதுபோக்குகளில், நடனம் ஆடியவர்களிடம்தான் மறதி நோய் குறைவாகத் தெரிந்தது. ஆட்டம்தான் நோயைத் தடுத்தது என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் பாட்டிமாரையும் கும்மிக்கு அழைக்க இது நல்ல காரணம்!

3. வீட்டுப் பிராணிகள்

தோபித்து நூலில் இளைஞர் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்படுகிறார். கூடவே அவருடைய நாயும் செல்கிறது. திரும்பி வரும்போதும் அது உடன் வருகிறது. அது பெரிதாக எதையும் சாதித்ததாக நூல் சொல்லவில்லை. உடன் சென்றது, அவ்வளவே. உடனிருப்பதே அன்பு என்பதை நாயும் பூனையும் நமக்குக் கற்பிக்கின்றன. இலிமா நகரின் புனித மார்ட்டின் தெ போரஸ், தம் சகோதரியின் வீட்டில் நோயுற்ற நாய், பூனைகளுக்குப் புகலிடம் தேடித் தந்தார் என்பர். அசிசியின் புனித பிரான்சிஸை 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார்.

அன்றாட உணவும் நீரும் நாள்தோறும் கடமை. வாரம் ஒருமுறை அதன் படுக்கைத் துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். மயிரைச் சீவி, காதோரத்திலும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். நாய் கடித்தாலும் பிராண்டினாலும் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசக்கூடாது. நம் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அன்பு என்பது அடைத்து வைப்பதன்று.

முடிவாக ஒரு சொல்

பெற்றோரே, உங்கள் மகள் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஊசியோடோ, கோலோடோ, நாய்க்குட்டியோடோ இருந்தால், "படிப்புக் கெடுகிறது" என்று அஞ்சாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பொறுமையையும், இணைந்து நடப்பதையும், தன்னை நம்பிய உயிரைப் பேணுவதையும் படிக்கிறாள். இயலுமானால் நீங்களும் பக்கத்தில் அமருங்கள்.

யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அவர் தைத்துக் கொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். அவரைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் அந்தத் துணிகளே இருந்தன. ஆச்சியின் போர்வையில் மீதி 17 துண்டுகளை நான் பின்னர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தைத்து முடித்தேன். என் தையல் எங்கே தொடங்குகிறது என்பது பார்த்தாலே தெரியும். ஆச்சியின் தையல் அவ்வளவு நேர்த்தி. இப்போது அதைப் போர்த்தித் தூங்குவது என் அக்காளின் பேத்தி.

மாணவியரே, இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் யாராவது ஊசியில் நூல் கோக்கக் கூப்பிட்டால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது புத்தகம் அங்கேயேதான் இருக்கும்.

— தையல் ஆசிரியை