சொரியாசிஸ் மருந்தும் தோலில் வரும் கிருமித்தொற்றும்

"இது என்ர பழைய சொரியாசிஸ்தான் டொக்டர், திரும்ப வந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்தார். சில ஆண்டுகளாக வாரம் ஒருமுறை மெதொட்ரெக்சேட் குளிசை எடுப்பவர். ஒரு காலில் வந்த வீக்கத்துக்கு நான்கு நாட்களாக ஸ்டீரொய்ட் களிம்பு பூசியிருக்கிறார். தொட்டுப் பார்த்தேன், கால் சுட்டது. அது சொரியாசிஸ் அல்ல. செலுலைட்டிஸ் எனப்படும், தோலின் ஆழத்தில் பரவும் பக்ரீரியாத் தொற்று. அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி நடக்கிறது?

சொரியாசிஸ் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயல்ல. எமது நோயெதிர்ப்புத் தொகுதி அளவுக்கு மீறி இயங்குவதால் வருவது. ஆகவே நோய் கடுமையானால் அத்தொகுதியை அடக்கும் மெதொட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் அல்லது பயோலொஜிக் ஊசிகள் கொடுக்கப்படுகின்றன. இவை பலருக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் கிருமிகளை எதிர்க்கும் வலுவும் ஓரளவு குறையலாம். தொற்று வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் இருக்கலாம். எமது கறுத்த தோலில் சிவப்பும் இலகுவில் தெரியாது. நீரிழிவும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எப்படி இனங்காண்பது?

• சொரியாசிஸ் பெரும்பாலும் இரு முழங்கை, இரு முழங்கால் என இருபக்கமும் செதிலோடு மெல்ல வரும். ஒரு பக்கத்தில் மட்டும், ஓரிரு நாளில் சூடு, நோ, வீக்கம், சீழ் வந்தால் தொற்று என்று சந்தேகியுங்கள்.

• உடலின் ஒரு பக்கத்தில் எரிவோடு பட்டிபோலக் கொப்புளங்கள் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது.

• படர்தாமரைக்கு ஸ்டீரொய்ட் களிம்பு பூசினால் கடி குறையும், ஆனால் பங்கசு பரவும். ஊரிலிருந்து வரும் களிம்புகள் சிலவற்றிலும் ஸ்டீரொய்ட் உண்டு.

செய்ய வேண்டியவை

தொற்று என்று சந்தேகித்தால் அன்றே வைத்தியருடன் பேசுங்கள். குணமாகும்வரை மருந்தை நிறுத்திவைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். எந்த வைத்தியரிடம் போனாலும் நீங்கள் எடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். மெதொட்ரெக்சேட்டுடன் ட்ரைமெத்தோபிரிம் என்ற அன்ரிபயோட்டிக் சேர்ந்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிராபத்து ஏற்படலாம். தடுப்பூசி போடுமுன்பும் இதைச் சொல்லுங்கள். உயிருள்ள கிருமிகள் கொண்ட சில தடுப்பூசிகள் உங்களுக்கு ஏற்றவையல்ல.

கால்வெடிப்பு, சிறு காயம் எதுவானாலும் கழுவி, மூடி, தினமும் பாருங்கள். "இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பம்" என்பது மற்றவர்களுக்குச் சரி. இம்மருந்து எடுப்பவர்களுக்கு அந்த இரண்டு நாளே பெரிது.