மின்வில்

செட்டிநாட்டுப் பெருவீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. திருமணத்திற்கோ படைப்பிற்கோ பங்காளிகள் கூடும் நாளில்தான் முகப்பு முதல் பின்கட்டு வரை விளக்குகள் எரியும். சில விளக்குகளுக்காக என்றோ இழுத்த கம்பியில் அன்று மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, அலங்கார விளக்குகள் அனைத்தும் ஒருசேர இயங்கும். பியூஸ் போகும். ‘இனிப் போகாது’ என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி, எதையும் அணைக்காமலேயே ஒருவர் பியூஸ் கட்டையைச் செருகுவார். அப்போது எழும் கண்கூசும் ஒளியே மின்வில்.

காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் இணைப்பு பிரியும் சிறு இடைவெளியில் வெப்பம் மிகும்போது காற்று அயனிகளாகி மின்னோட்டத்திற்கு வழிவிடுகிறது. கிடையாக வைத்த இரு கரித்துண்டுகளுக்கிடையே எழுந்த இச்சுடர், வெப்பக்காற்றால் மேல்நோக்கி வளைந்து நின்றதால் வில் எனப் பெயர் பெற்றது. பற்றவைப்புப் பட்டறையில் நாம் காண்பது இதன் அடங்கிய வடிவம்.

அடங்காத வில்லின் வெப்பம் ஏறத்தாழ 20,000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். செம்பு ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரிந்து வெடிக்கிறது. கம்பியைத் தொடாதவரும் எரிகிறார் என்பதே மின்னதிர்ச்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. 1982இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் லீ இதனை மின்சாரத்தின் ‘மற்றோர் ஆபத்து’ என்று எழுதிய பின்னரே பொறியாளர்கள் இதைத் தனியாகக் கணக்கிடத் தொடங்கினர்.

வில்லின் ஆற்றல் மின்னோட்டத்தையும் அது நீடிக்கும் நேரத்தையும் பொறுத்தது. வீட்டில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பாய்வது பெரும்பாலும் சில நூறு முதல் சில ஆயிரம் ஆம்பியர். ஆலையில் மின்மாற்றியை ஒட்டிய பலகையில் பல்லாயிரம். ஆகவே அங்கே பணிபுரிவோர் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டிட்டு, கருவியால் சோதித்த பின்னரே கை வைக்க வேண்டும். நைலான் உடை உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உருகாது, ஆனால் தீப்பற்றும். எனவே தீத்தடுப்பு உடையே வேண்டும். வீட்டில் நேரத்தைக் குறைப்பது உரிய அளவுள்ள மெல்லிய உருகுகம்பிதான். தடித்த கம்பி அதையே நீட்டிவிடுகிறது.

வில்லுக்கு வித்திடுவது பலவேளைகளில் அரிமானம். அலுமினியமும் செம்பும் சேரும் முறுக்கில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும், தடை கூடும், சூடேறி இணைப்பு தளரும். அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் அமைந்து, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முதன்மை ஆய்வுத்துறைகளுள் ஒன்று இவ்வரிமானமே. பூட்டிய வீட்டில் அது ஓசையின்றி நடக்கும்.

கசிவுமின் தடுப்பான் இருக்கிறதே என்பர் சிலர். அது மண்ணுக்குக் கசியும் மின்னோட்டத்தையே உணரும். மின்முனைக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே எழும் வில்லை உணராது. எனவே வீடு திறக்கும் நாளுக்கு முன்னரே மின்பணியாளரைக் கொண்டு பலகையின் முறுக்குகளைப் பார்த்துவிட வேண்டும்; பந்தல்காரர் வருவது அதன் பிறகு.