எச்சரிக்கைப் படத்தை ஊருக்குக் காட்டும் வழி

மதுரையில் தேநீர்க்கடையை ஒட்டிய பெட்டிக்கடைகளில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குவோர் சிலரே. ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குவோரே மிகுதி. கடைக்காரர் திறந்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுக்க, வாங்கியவர் கடையோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு அப்பால் நகர்ந்துவிடுகிறார். பெட்டியின் முகப்பில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, புற்றால் சிதைந்த உறுப்பைக் காட்டும்படி சர்க்கார் அச்சிடச் செய்த அந்தப் படத்தை அவர் பார்ப்பதே இல்லை. வெற்றிலையோடு வாயில் அடக்கிக்கொள்ளப் போயிலைத் துண்டைச் சில்லறையாக வாங்கிப் பழைய காகிதத்தில் மடித்துக்கொண்டு போகும் கிராமத்துக் கிழவிக்கோ, அப்படி ஒரு படம் இருக்கிறது என்பதே தெரியாது. ஆகவே, சட்டம் பெட்டியின்மேல் பதித்துவைத்த எச்சரிக்கையை, அது எவருக்காகப் பதிக்கப்பட்டதோ அவர்களுடைய கண்முன் கொண்டுபோய் நிறுத்தும் பொறுப்பு பத்திரிகைக்கும் வானொலிக்கும் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சிக்கும் வந்து சேருகிறது. அந்தப் பணியில் கைகொடுக்க விரும்பும் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், மகளிர் குழுவினர், இளம் நிருபர்கள் ஆகியோரை உத்தேசித்தே இந்த வழிமுறைகளை எழுதுகிறேன்.

இதை அவசரமான காரியமாக நான் கருதுவதற்குத் தக்க காரணம் உண்டு. 2009-10-இலும் 2016-17-இலும் நம் நாட்டில் நடந்த வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்புகளில், தேச முழுவதிலும் புகையிலை உபயோகிப்போர் நூற்றுக்கு 34.6 பேரிலிருந்து 28.6 பேராகக் குறைந்திருக்க, தமிழ்நாட்டிலோ அந்த எண்ணிக்கை 16.2-லிருந்து 20 ஆக உயர்ந்திருந்தது.

முதற்காரியம், சட்டத்தை ஐயந்திரிபறத் தெரிந்துகொள்வது. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தில் நமக்கு வேண்டிய பிரிவுகள் நான்கு. பொது இடத்தில் புகைப்பதை 4-ஆம் பிரிவு தடுக்கிறது. விளம்பரத்தை 5-ஆம் பிரிவு தடுக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்துக்கு நூறு கஜத்துக்குள் விற்பதையும் 6-ஆம் பிரிவு தடுக்கிறது. எச்சரிக்கை இல்லாத பெட்டியைச் செய்வதையும் விற்பதையும் 7-ஆம் பிரிவு தடுக்கிறது. எச்சரிக்கைப் படம் நம் நாட்டுக்கு எளிதில் வந்துவிடவில்லை. 2009 மே 31-ஆம் தேதி, பெட்டியின் முன்பக்கத்தில் மட்டும் நூற்றுக்கு 40 பங்கு இடத்தில் அது முதன்முதல் இடம்பெற்றது. 85 பங்காக இருபக்கமும் பெருக்க வேண்டுமென்று 2014 அக்டோபரில் பிறந்த ஆணை, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வரவேண்டியது, பாராளுமன்றக் குழுவொன்றின் ஆட்சேபத்தால் தள்ளிப்போய், 2016 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதன் பிறகும் 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்று தள்ள, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இந்தச் சரித்திரத்தை நீங்கள் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில், பயனற்ற படமாக இருந்திருந்தால் அதைச் சிறிதாக்குவதற்கு இத்தனை பெரிய பிரயத்தனம் நடந்திராது என்பதை எந்த வாசகரும் ஒரு நொடியில் உணர்ந்துகொள்வார். அயலிலுள்ள இலங்கையும் 2015-இல் 80 பங்கு இடத்தைப் படத்துக்கென்று ஒதுக்கிவிட்டது.

அடுத்து, பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தின் ஓரங்களிலும் தேநீர்க்கடை வாசலிலும் எறியப்பட்டுக் கிடக்கும் சிகரெட் பெட்டிகளையும் பீடிக்கட்டின் மேலுறைகளையும் மெல்லும் புகையிலையின் பொட்டலங்களையும் கையுறை அணிந்து பொறுக்கி, வெள்ளைத் தாளின்மேல் வரிசையாகப் பரப்புங்கள். அளவுகோலை வைத்து, முகப்பின் பரப்பில் படமும் எழுத்தும் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்: விதிப்படி படத்துக்கு 60 பங்கு, எழுத்துக்கு 25 பங்கு. படம் மேல்விளிம்பிலிருந்து தொடங்குகிறதா, இருபுறமும் உண்டா, சிவப்புப் பின்னணியில் வெள்ளையெழுத்தும், கறுப்புப் பின்னணியில் உதவித் தொலைபேசி எண்ணும் தெளிவாக இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். படமே இல்லாத வெளிநாட்டுப் பெட்டியொன்று அகப்பட்டால், அது தனியே ஒரு செய்தி. பிறகு படம் பிடியுங்கள். வியாபாரப் பெயர் தெரியும் இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால், நோயைக் காட்டப்போன நீங்கள் செலவில்லாத விளம்பரம் செய்தவராவீர்கள்.

மூன்றாவது, உங்கள் பேட்டையைச் சுற்றி வருவது. ஒரே பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர், நான்கு திக்கிலும் நாடாவால் அளந்து, அந்த எல்லைக்குள் எத்தனை கடைகளில் புகையிலைப் பொருள் விற்கப்படுகிறது, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பனை இல்லை என்னும் அறிவிப்புப் பலகை எத்தனை கடைகளில் தொங்குகிறது, பெட்டிகளின் எச்சரிக்கைப் படம் வாடிக்கையாளரை நோக்கி இருக்கிறதா அல்லது சரம்சரமாய்த் தொங்கும் பாக்குப் பொட்டலங்களுக்குப் பின்னே மறைந்திருக்கிறதா என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்ப்பதற்கென்று சிறுவனை அனுப்பி வாங்கச் சொல்வது கூடவே கூடாது. கடைக்காரரோடு வாக்குவாதமும் வேண்டாம். அவருடைய பெயரையும் முகத்தையும் பத்திரிகையில் போடுவது நியாயமுமன்று. அன்றாடம் பிழைக்கும் அந்த மனிதரைக் குற்றவாளியாக்கிவிட்டால், அவருக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் வாசகரின் பார்வையிலிருந்து தப்பிவிடுவார்கள்.

கண்ணால் கண்டதோடு நில்லாமல், சர்க்கார் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன், ஜில்லா சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள்: சென்ற ஓராண்டில் மதுரை மாவட்டத்தில் 4, 5, 6, 7 ஆகிய பிரிவுகளின்கீழ் எத்தனை வழக்குகள், எவ்வளவு அபராதம் என்று தனித்தனியே கேட்க வேண்டும். பிரிவுகளைச் சேர்த்துக் கேட்டால் ஒரே மொத்தத் தொகை வந்து சேரும். அதிலிருந்து ஒன்றும் விளங்காது. பதில் வர முப்பது நாள் அவகாசம் உண்டாதலால், எல்லாவற்றுக்கும் முன்பே இந்த மனுவை அனுப்பிவிடுவது உத்தமம்.

இனி எழுதும் வேலை. நம்மூர்ப் பத்திரிகைகளில் புகையிலை எதிர்ப்புச் செய்தி என்று வருவதெல்லாம் பெரும்பாலும் பேரணிச் செய்தியே: இன்னார் கொடியசைத்தார், இன்னார் முன்னிலை வகித்தார், மாணவர்கள் உறுதிமொழி ஏற்றனர் என்று பத்துப் பெயர்கள் வரும், படிக்கிறவருக்கு நோயைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் புதிதாகக் கிடைக்காது. பேரணியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பேரணி மட்டும் போதாது என்பதே என் திடமான அபிப்பிராயம். உங்கள் குறிப்பை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நூறு கஜத்துக்குள் நீங்கள் கண்ட கடைகளின் எண்ணிக்கை முதல் வாக்கியத்திலேயே வரட்டும். அதையடுத்துச் சட்டம் சொல்வதும், அதன்பின் மருத்துவர் சொல்வதும், கடைசியில் விடுபட விரும்புவோருக்கு வழியும் வரட்டும். மதுரைப் பதிப்பு வெளியிடும் தமிழ் நாளிதழ்களின் நிருபர்களிடம் காலையிலேயே, படங்களுடன், நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது நலம்; மாலையில் பக்கங்கள் நிரம்பிய பின் வரும் குறிப்புக்கு இடம் கிடைப்பதரிது.

மருத்துவர் வாக்கைப் பெறுவதற்கு இந்த ஊரில் குறைவில்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பாலரங்காபுரத்திலுள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனையிலும் முறைப்படி அனுமதி கேட்டுச் சந்திக்கலாம். சந்திக்கும்போது, புகையிலை தீயதா என்று கேட்டுப் பொழுதைப் போக்காமல், நோயின் ஆரம்பக் குறிகளைக் கேளுங்கள்: இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், கன்னத்தின் உட்புறம் தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, கழுத்தில் வலியில்லாத கட்டி. இந்த நான்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டாலே, படிக்கிற வீடுகளில் எவரேனும் ஒருவர் கண்ணாடிமுன் நின்று வாயைத் திறந்து பார்ப்பார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வாய்ப்புற்று பெரும்பாலும் குணப்படுத்தத் தக்கதென்பதையும் உடன் எழுத வேண்டும். அச்சத்தை மட்டும் மூட்டி நிறுத்திவிடுவது பெரும் பாவம்.

நோயாளியின் அனுபவத்தைவிட வலிய சாட்சியம் இல்லைதான். ஆனால் தாடையை இழந்த ஒருவரைப் பேசவைத்துப் படம் எடுப்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். எங்கே வெளிவரும், யார் யார் பார்ப்பார்கள், பிற்பாடு வேண்டாமென்றால் எதை நிறுத்த முடியும், எதை நிறுத்த முடியாது என்பதையெல்லாம் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் விளங்கச் சொல்லி, எழுத்து மூலம் சம்மதம் பெற்ற பிறகே கருவியைத் திறக்க வேண்டும். முகம் மறைக்கச் சொன்னால் மறைத்துவிடுங்கள். குரல் ஒன்றே போதும்.

குரல் என்றதும் வானொலி நினைவுக்கு வருகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கங்களில் வயல்வேலை செய்வோரிடம் மதுரை வானொலியின் வழியே பேச நினைக்கிறவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும்: அங்கே சிகரெட்டைப் பற்றி மட்டும் பேசினால், போயிலை அடக்கிக்கொள்ளும் பெண்கள் அது தங்களுக்கன்று என்று இருந்துவிடுவார்கள். ‘புகையிலைப் பொருள்களின் உபயோகம்’ என்று சொல்லாதீர்கள். போயிலை, பீடி, சுருட்டு, பாக்குப் பொட்டலம் என்று அவரவர் சொல்லும் பெயரையே சொல்லுங்கள். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலின் பெருமையைப் பழிப்பதுபோல் ஒரு சொல்லும் வந்துவிடக் கூடாது. வெற்றிலையைத் தனியே வைத்துப் பேசி, புகையிலையையும், புகையிலை சேராவிடினும் புற்று விளைவிப்பதென்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திய பாக்கையும் சுட்டுங்கள். வானொலியில் படத்தைக் காட்ட முடியாதாகையால், பெட்டியின்மேல் இருக்கும் படத்தை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி நிதானமாக விவரித்துச் சொல்லட்டும்.

பள்ளி மாணவர் விஷயம் தனிக்கவனத்துக்குரியது. உதட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ‘கூல் லிப்’ என்னும் புகையிலைச் சரக்கு மாணவரிடையே பரவியிருப்பது குறித்து 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்து, அதைப் பாதுகாப்பற்ற உணவென்று நாடு முழுவதும் ஏன் தடைசெய்யக் கூடாதென்று கேட்டது. குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை என்பதையும் அடிக்கடி எழுதுங்கள். ஆனால் இத்தகைய பொருள்களின் நிறம், மணம், விலை, ஒளித்துவைக்கும் தந்திரம் முதலியவற்றை வருணிக்கவே வேண்டாம். அறியாத பிள்ளைக்கு அது ஆசைகாட்டுவதாக முடியும். உலகப் புகையிலை எதிர்ப்பு தினமாகிய மே 31 நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறைக் காலமாதலால், மாணவருக்கான முயற்சியைப் பள்ளி திறந்த பின் ஜூன் மாதத்தில் வைத்துக்கொள்வதே பிரயோஜனப்படும்.

பத்திரிகையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டியிருக்கும். ஏலக்காய், பாக்கு என்ற பெயரில் புகையிலை வியாபாரப் பெயரையே நினைவூட்டும் விளம்பரம் அதே இதழில் வருமானால், நீங்கள் எழுதிய கட்டுரையின் பயன் பாதி போய்விடும். மரியாதையாக, எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். கூடவே, திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை விவசாயிகளையும், திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் பீடி சுற்றி ஜீவனம் செய்யும் பெண்களையும் பகைவராகக் காட்டிவிடாதீர்கள். புகையிலைத் தூளை நாள் முழுதும் சுவாசிக்கும் அந்தப் பெண்களின் ஆரோக்கியமும் மாற்றுத் தொழிலும் எழுதப்பட வேண்டிய விஷயங்களே.

செய்தி வெளிவந்த மறுநாளோடு வேலை முடிவதில்லை. வெட்டியெடுத்த பத்திரிகைத் துண்டை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் மனுக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து அதே நூறு கஜத்தை மறுபடி அளந்து, கடைகள் குறைந்தனவா என்று மீண்டும் எழுதுங்கள். எழுதும் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும், பேசும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், 2018 செப்டம்பர் முதல் பெட்டிகளில் அச்சாகிவரும் இலவச உதவி எண் தவறாமல் இடம்பெறட்டும்: 1800-11-2356. விட நினைக்கிறவர் அதில் தமிழிலும் பேசலாம்.