தொழிற்பெயரும் குடிப்பெயரும்: உடையார்பாளையச் சான்று

ஆங்கிலக் குடிப்பெயராகிய ஸ்மித் கொல்லனைக் குறிப்பது. உலைக்களம் அறியாத வழித்தோன்றலுக்கும் அதுவே பெயர். தமிழ்த் தொழிலடைகள் இவ்வாறு தலைமுறை கடந்தனவா என்பதே இக்கட்டுரையின் வினா.

தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஆகிய சங்கப் புலவர் பெயர்களில் தொழில் ஊர்ப்பெயருக்கும் இயற்பெயருக்கும் இடையே நிற்கிறது. நக்கீரர் பெயரே இங்குத் தெளிவான சான்று. 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்னும் தொடரில் தொழில் தந்தையிடமே தங்கிவிடுகிறது. மகனை அது உறவுச்சொல் வழியாகவே சேர்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் 'இராசராசப் பெருந்தச்சன்' என்பதோ அரசன் பெயரோடு இணைந்த பட்டம். குஞ்சரமல்லன் என்னும் ஒருவனுக்கு உரியது.

அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் இவற்றினின்று வேறுபடுகிறது. உ.வே.சா. எழுத்துகளில் இடம்பெறும் கச்சி யுவரங்கர், கச்சிக் கல்யாணரங்கர் முதலிய சமீன்தார்கள் முன்னே 'கச்சி' எனவும் பின்னே 'காலாட்கள் தோழ உடையார்' எனவும் கொண்டனர். மாறியது இடையிலுள்ள இயற்பெயரே. காலாட்கள் என்பார் காலாட்படையினர். பாளையக்காரரின் படைத்தொழில் இப்பெயரிற் பதிந்துள்ளது. படை கலைந்து பாளையம் சமீனான பின்னரும் பெயர் நீங்கவில்லை; ஸ்மித்துக்கு நேரான தன்மை இதுவே. ஆயினும் இஃது ஆளுங்குடிக்கு வாய்த்தது. அதே வட்டாரத்துக் கொல்லருக்கும் தச்சருக்கும் பொதுவான 'ஆசாரி' ஒரு குடும்பத்தைப் பிறிதினின்று பிரித்துக் காட்டுவதன்று.