முகச் சீரமைப்பில் தையல்

முதுமையால் தளர்ந்த முகத்தைச் சீர்செய்யும் சத்திர சிகிச்சையில், தோலை இழுத்துத் தைப்பதே வேலையென்று பலர் எண்ணுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தியரும் அவ்வாறே எண்ணினர். காதருகே தோலைச் சிறிது அரிந்தெடுத்து, எஞ்சியதை இறுக்கித் தைத்தனர். தோலோ இழுத்தால் நீளும் இயல்பினது. ஆதலின் தளர்ச்சி விரைவில் மீண்டது, தழும்பும் அகன்றது. காதுமடலின் அடி கீழே இழுபட்டு, மறைக்க விரும்பிய செய்தியை ஊரறியச் செய்ததும் உண்டு!

தோலின் கீழே கொழுப்பும், அதன் கீழே முகத்தசைகளைப் பிணைக்கும் உறுதியான சவ்வொன்றும் உள. 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் இச்சவ்வினைத் தெளிவுற விவரித்தனர். இக்காலத்தார் இழுவிசையை இதன்மேலேயே ஏற்றுகின்றனர். இதனை மேல்நோக்கி இழுத்து, மடித்தேனும் ஒரு பகுதியை அரிந்தேனும், காதின் முன்னுள்ள அசையாத இழையத்தோடு தைப்பர். அசைவதை அசையாததிற் கட்டுதல் என்க. ஊசி அளவுக்கு மீறி ஆழ்ந்தால், அடியிலோடும் முகநரம்பின் கிளை ஊறுபட்டு வாய் கோணவுங் கூடும். ஆகவே கண்ணுக்குப் புலப்படாத இத்தையலே கைத்திறனைச் சோதிப்பது.

பின்னர்த் தோலை இழுக்காது படியவிட்டு, மிகுதியை மட்டும் அரிந்து, மெல்லிய நைலான் நூலால் ஓரங்களைப் பொருத்துவர். கீறல் மயிரோரத்திலும் காதின் மடிப்பிலும் மறைந்துகொள்ளும். உள்ளே உதிரம் தேங்காவண்ணம் காத்தல் வேண்டும். மேற்றையல் பாரம் சுமவாமையால், முகத்திலுள்ள நூலை ஒரு வாரமளவில் நீக்கலாம். நெடுநாள் விட்டால் நூலின் தடமே ஏணிப்படிபோல் தோலில் நிலைத்துவிடும்.